கல்யாண கவுன் தைத்த ஆன் லோ

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. இந்த ஊர்களின் பெயரைச் சொன்னாலே தோலும் ஷூவும்தான் யாருக்கும் நினைவுக்கு வரும். 2019-ம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆயிற்று. ஆனாலும் தோல் தொழில் இந்த ஊர்களை இன்னும் ஒன்றாகவே கட்டி வைத்திருக்கிறது.

பொழுது விடிந்தால் ஷூ கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றி வருகின்றன. அவர்கள் தையல் மிஷின் முன் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிறார்கள். வேறு சிலர் வீட்டிலேயே உட்கார்ந்து ஊசி நூல் கொண்டு கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கூலி. அந்த ஷூ கப்பலேறி ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போகிறது. அங்கே ஒரு சீமாட்டி அதை வாங்கிக் காலில் மாட்டிக் கொள்கிறாள். ஷூவுக்குள்ளே ஒரு பெயர் அச்சடித்திருக்கிறது. அது கம்பெனியின் பெயர். தைத்தவளின் பெயர் அதில் இருப்பதில்லை.

இது தோலில் மட்டும் நடக்கும் கதை என்று எண்ண வேண்டாம். பட்டிலும் நடந்திருக்கிறது. 1953-ல் அமெரிக்கா முழுவதும் வியந்து பார்த்த ஒரு கல்யாண உடையைத் தைத்த பெண்மணிக்கும் இதே கதிதான் நேர்ந்தது. அவர் பெயர் ஆன் லோ. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் கென்னடியை மணந்தவர் ஜாக்குலின். அந்த ஜாக்குலினுக்குக் கல்யாண கவுன் தைத்தவர் ஆன் லோதான். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்து கொள்வோம்.

வெள்ளை உடை வந்த விதம்

நம் ஊரில் கல்யாணப் பெண் என்றால் பட்டுப் புடவைதான். காஞ்சிபுரமும் ஆரணியும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் தேவாலயத்துக்கு வரும் மணமகள் வெள்ளைப் புடவை கட்டி வருவாள். சிலர் நீண்ட வெள்ளை கவுன் அணிந்து வருவார்கள்.

இந்த வெள்ளை வழக்கம் மேல்நாட்டிலும் ஆதிகாலம் தொட்டு இருந்ததல்ல. அங்கே மணப்பெண்கள் பல நிறங்களிலும் உடுத்தி வந்தார்கள். 1840-ல் இங்கிலாந்து ராணி விக்டோரியா தம் கல்யாணத்துக்கு வெள்ளைப் பட்டு உடுத்தினார். ராணி உடுத்தியதைச் சீமாட்டிகள் பின்பற்றினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் பின்பற்றினார்கள். அது மெல்ல மெல்ல உலகம் முழுவதும் பரவிவிட்டது.

ஒரு நாள் உடுத்துவதற்காக எத்தனையோ நாள் தைக்கப்படும் உடை அது. அந்த வேலையில் தம் ஆயுள் முழுவதையும் செலவிட்டவர் ஆன் லோ.

துணித் துண்டில் மலர்ந்த பூ

அமெரிக்காவின் தெற்கே அலபாமா என்று ஒரு மாநிலம் உண்டு. அங்கே கிளேட்டன் என்ற சிற்றூரில் 1898-ல் ஆன் லோ பிறந்தார். அது பருத்தி விளையும் சீமை. அந்தப் பருத்தி வயல்களில் ஒரு காலத்தில் கருப்பின மக்கள் அடிமைகளாக உழைத்தார்கள். ஆடு மாடுகளைப் போல அவர்களை விலைக்கு வாங்கினார்கள், விற்றார்கள். 1865-ல்தான் சட்டம் அந்தக் கொடுமையை ஒழித்தது.

ஆன் லோவின் பாட்டி ஜார்ஜியா அடிமையாகவே பிறந்தவர். அவர் கையில் இருந்த ஒரே சொத்து தையல் வித்தை. அதை மகள் ஜேனிக்குக் கற்றுக் கொடுத்தார். பாட்டியும் தாயும் மாண்ட்கமரி நகரில் தையல் தொழில் நடத்தினார்கள். பெரிய பணக்காரக் குடும்பத்துப் பெண்களுக்கெல்லாம் அவர்கள்தான் உடை தைத்தார்கள்.

குழந்தை ஆன் அவர்கள் காலடியில் விளையாடினாள். விளையாட்டுப் பொருள் என்ன தெரியுமா? வெட்டிப் போட்ட துணித் துண்டுகள்தான். அந்தத் துண்டுகளைச் சுருட்டியும் மடித்தும் தைத்தும் பூக்கள் செய்தாள். தோட்டத்தில் பார்த்த பூவைப் போலவே துணியில் செய்வாள். பின்னாளில் ஆன் லோ தைத்த உடை என்பதற்கு அடையாளமாக நின்றது இந்தத் துணிப் பூதான். ஐந்தாறு வயதில் கற்ற வித்தை எழுபது வயது வரை சோறு போட்டது.

பதினாறு வயதில் வந்த சோதனை

ஆன் லோவுக்கு மிகச் சிறு வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. ஆர்தர் என்று ஓர் ஆண் குழந்தையும் பிறந்தது. கணவருக்கு மனைவி தையல் வேலை செய்வது பிடிக்கவில்லை. வீட்டோடு இருக்க வேண்டும் என்றார். சில காலம் ஊசியைத் தொடாமலேயே இருந்தார் ஆன்.

1914-ல் தாய் ஜேனி திடீரென்று இறந்து போனார். அப்போது அவர் அலபாமா கவர்னரின் மனைவிக்காக விருந்து உடைகள் தைத்துக் கொண்டிருந்தார். நான்கு உடைகள் முடியாமல் கிடந்தன. உடைக்கு உரியவர் கவர்னர் வீட்டு அம்மாள். சொன்ன நாளில் கொடுக்காவிட்டால் குடும்பத்தின் பெயரே கெட்டுவிடும்.

தாயைப் புதைத்த துக்கம் ஆறவில்லை. வயதோ பதினாறைத் தாண்டவில்லை. ஆனாலும் ஆன் ஊசியை எடுத்தார். நான்கு உடைகளையும் தைத்து முடித்து, குறித்த நாளில் கொடுத்தார். தாயின் கைக்கும் மகளின் கைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இனித் தம் வழி தையல்தான் என்று அன்றே தீர்மானம் செய்துவிட்டார்.

சில ஆண்டுகளில் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. புளோரிடா மாநிலத்தில் டாம்பா என்ற ஊரில் ஆரஞ்சுத் தோட்டங்கள் வைத்திருந்த ஒரு பணக்காரரின் மனைவி அலபாமாவுக்கு வந்திருந்தார். ஒரு கடையில் ஆன் லோவைக் கண்டார். அவர் உடுத்தியிருந்த உடையின் அழகைக் கண்டு அசந்து போனார். அதைத் தைத்தவர் அவரே என்று அறிந்ததும், தம் பெண்களுக்குக் கல்யாண உடைகள் தைப்பதற்குத் தம்மோடு வரும்படி அழைத்தார். கணவருக்குச் சம்மதம் இல்லை. ஆன் லோ குழந்தையைத் தூக்கிக் கொண்டு ரயிலேறிவிட்டார்.

தனி அறையில் படித்த பாடம்

டாம்பா சீமாட்டிக்கு ஆன் லோவின் கைத்திறனில் பெரிய நம்பிக்கை. அவரை மேலும் படிக்க வைக்க விரும்பினார். 1917-ல் ஆன் லோ நியூயார்க் சென்று, உடை அமைக்கும் கலையைக் கற்பிக்கும் ஒரு பள்ளியில் சேர்ந்தார்.

அங்கே ஓர் அவமானம் காத்திருந்தது. வெள்ளைக்கார மாணவிகள் கருப்பினப் பெண்ணோடு ஒரே அறையில் உட்கார மாட்டோம் என்றார்கள். பள்ளி நிர்வாகம் ஆன் லோவைத் தனி அறையில் உட்கார வைத்தது. தோழி இல்லை, பேச்சுத் துணை இல்லை. தனியாகவே வரைந்தார், தனியாகவே வெட்டினார், தனியாகவே தைத்தார்.

நாளாக நாளாக ஒரு வேடிக்கை நடந்தது. அவர் தைத்த துணிகளை ஆசிரியர்கள் எடுத்துக் கொண்டு போய், மற்ற மாணவிகளுக்கு மாதிரியாகக் காட்டத் தொடங்கினார்கள். அவரோடு உட்கார மறுத்தவர்கள் அவருடைய தையலைப் பார்த்துப் பாடம் கற்க வேண்டியதாயிற்று.

படிப்பு முடிந்ததும் டாம்பாவுக்குத் திரும்பினார். 1920 வாக்கில் சொந்தமாகக் கடை திறந்தார். அந்த ஊரில் ஆண்டுதோறும் காஸ்பரில்லா என்ற பெரிய திருவிழா நடக்கும். விழா ராணிக்கும் தோழிகளுக்கும் ஆன் லோ தைத்த உடைதான் வேண்டும் என்று குடும்பங்கள் போட்டி போட்டன. தம்மைப் போன்ற கருப்பினப் பெண்களை வேலைக்கு வைத்து, அவர்களுக்கும் நுட்பமான தையலைக் கற்றுக் கொடுத்தார். சல்லி சல்லியாகச் சேர்த்தார். 1928-ல் கையில் 20,000 டாலர் சேர்ந்தது. அந்தப் பணத்தோடு நியூயார்க் நகரத்துக்கே குடி பெயர்ந்தார்.

ஊருக்குத் தெரியாத பெயர்

போன நேரம் சரியில்லை. 1929-ல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்கா முழுவதும் வேலையின்மையும் வறுமையும் தலைவிரித்து ஆடின. ஆன் லோ பெரிய கடைகளுக்குத் தைத்துக் கொடுத்துக் காலம் தள்ளினார். உடை அவருடையது. அதில் தைத்திருக்கும் பெயர்ச் சீட்டு கடைக்காரருடையது.

1947-ல் ஆலிவியா டி ஹாவிலண்ட் என்ற ஹாலிவுட் நட்சத்திரம் ஆஸ்கார் பரிசு பெற்றார். மேடையில் அவர் அணிந்திருந்த பூ வேலை செய்த உடையை எல்லோரும் புகழ்ந்தார்கள். அதைத் தைத்தவர் ஆன் லோ. ஆனால் உடையில் இருந்தது வேறொருவர் பெயர்.

சொந்த வாழ்விலும் நிம்மதி இல்லை. இரண்டாவதாக மணந்த கணவரும் பிரிந்து போனார். நடு இரவில் படுக்கையை விட்டு எழுந்து உட்கார்ந்து உடை வரையும் மனைவி தமக்கு வேண்டாம் என்பது அவர் சொன்ன காரணம். ஆன் லோவுக்குத் துணையாக நின்றவன் மகன் ஆர்தர் ஒருவன்தான். அவன் வளர்ந்து பெரியவனாகி, தாயின் தொழிலில் வரவு செலவுக் கணக்கைப் பார்த்துக் கொண்டான்.

1950-ல் தம் சொந்தப் பெயரில் நியூயார்க்கில் கடை திறந்தார் ஆன் லோ. ராக்ஃபெல்லர், டூபாண்ட் முதலான கோடீசுவரக் குடும்பங்களின் பெண்கள் தேடி வந்தார்கள். ஒருவருக்குத் தைத்ததைப் போல இன்னொருவருக்கு அவர் தைப்பதில்லை. வெளிப்புறம் எவ்வளவு அழகோ, உட்புறமும் அவ்வளவு சுத்தமாக இருக்கும். யாரும் பார்க்காத உள் தையல் ஓரத்துக்கும் லேஸ் வைத்து மூடுவார். ஆம்பூரில் ஷூ தைக்கும் பெண்களுக்கு இது புரியும். உள்ளே வைக்கும் லைனிங் சுருங்கியிருந்தால் வெளியே எத்தனை பளபளப்பு இருந்தும் காலைக் கடித்துவிடும் அல்லவா?

ஐம்பது கஜம் பட்டு

1953-ம் ஆண்டு வந்தது. ஆகின்கிளாஸ் என்ற பெரிய குடும்பத்து அம்மாளுக்கு ஆன் லோ ஏற்கெனவே உடைகள் தைத்துக் கொடுத்திருந்தார். அந்த அம்மாளின் மகள்தான் ஜாக்குலின். வயது 24. மாப்பிள்ளை ஜான் கென்னடி. அப்போது அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செனட்டர். செப்டம்பர் 12-ந் தேதி நியூபோர்ட் நகரில் கல்யாணம். மணப்பெண்ணுக்கும் தோழிகளுக்கும் உடை தைக்கும் பொறுப்பு ஆன் லோவிடம் வந்தது.

மணப்பெண்ணின் கவுனுக்கு 50 கஜம் பட்டு பிடித்தது. புடவைக்கு 6 கஜம் என்று கணக்குப் போட்டால் எட்டுப் புடவைக்கு மேல் வரும். டாஃபெட்டா என்பது அந்தப் பட்டின் பெயர். விறைப்பாக நிற்கும், நடந்தால் சலசலக்கும். தந்த நிறம். மார்பில் பட்டையான மடிப்புகள் ஒன்றோடொன்று பின்னியது போல் செல்லும். பாவாடையில் வட்ட வட்டமாக மடிப்புகள். அந்த வட்டங்களின் நடுவே மெழுகால் செய்த சின்னஞ்சிறு பூக்கள். இவ்வளவையும் தைக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று.

குழாய் உடைந்தது

கல்யாணத்துக்குப் பத்தே நாள் இருந்தது. ஒரு நாள் காலை தையற்கூடத்தைத் திறந்தால் உள்ளே வெள்ளம்! இரவில் தண்ணீர்க் குழாய் வெடித்திருக்கிறது. தைத்து வைத்த 15 உடைகளில் 10 உடைகள் பாழாகிவிட்டன. மணப்பெண்ணின் கவுனும் அதில் ஒன்று. இரண்டு மாத உழைப்பு ஒரே இரவில் போயிற்று.

வேறு யாராயிருந்தாலும் மணப்பெண்ணின் வீட்டுக்குச் செய்தி அனுப்பி, கையை விரித்திருப்பார்கள். ஆன் லோ அப்படிச் செய்யவில்லை. மூச்சுக் காட்டாமல் புதுப் பட்டு வாங்கினார். கூடுதலாக ஆட்களை அமர்த்தினார். இரவு பகல் பாராமல் வேலை நடந்தது. பதினாறு வயதில், தாய் விட்டுப் போன நான்கு உடைகளை எடுத்து முடித்த அதே பிடிவாதம்தான் இப்போதும் கை கொடுத்தது. குறித்த நாளுக்குள் எல்லா உடைகளும் தயாராகிவிட்டன.

இதற்கு அவர் கொடுத்த விலை என்ன? மொத்த வேலையிலும் 700 டாலர் லாபம் கிடைக்க வேண்டும். அதற்குப் பதில் 2,200 டாலர் நஷ்டம் வந்தது. அந்த நஷ்டத்தைத் தாமே தாங்கிக் கொண்டார். நடந்ததை ஜாக்குலின் குடும்பத்தாரிடம் சொல்லவே இல்லை. வாக்குக் கொடுத்தாயிற்று, நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது ஒன்றே அவருக்குத் தெரிந்த வியாபாரம்.

எந்த வாசல்?

உடைகளை எடுத்துக் கொண்டு ஆன் லோ தாமே நியூபோர்ட் மாளிகைக்குப் போனார். வாசலில் இருந்த ஆள் தடுத்தான். வேலைக்காரர்களும் சாமான் கொண்டு வருகிறவர்களும் பின்பக்கமாகத்தான் போக வேண்டும் என்றான்.

ஆன் லோ நகரவில்லை. முன்வாசல் வழியாக விடாவிட்டால், உடைகளை அப்படியே திருப்பி எடுத்துக் கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார். மறுநாள் கல்யாணத்துக்கு உடை இல்லாமல் என்ன செய்வது? முன்வாசல் திறந்தது. அவர் தலை நிமிர்ந்து உள்ளே போனார்.

2,200 டாலர் நஷ்டத்தை வாய் திறவாமல் தாங்கியவர், ஒரு வாசற்படிக்காக ஏன் இப்படி நின்றார்? பணம் போனால் உழைத்துச் சம்பாதிக்கலாம். அந்தப் பின்வாசலுக்குள் ஒரு முறை நுழைந்துவிட்டால், அடிமையாகப் பிறந்த பாட்டி காலத்துக்கே திரும்பிப் போனது போல் ஆகிவிடும். இதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

புகழ் யாருக்கு?

கல்யாணம் கோலாகலமாக நடந்தது. விருந்துக்குச் சுமார் 1,200 பேர் வந்தார்கள். மணமக்களின் படம் பத்திரிகைகளில் வெளிவந்தது. பட்டின் நிறம், மடிப்பின் அழகு, பாவாடையின் விரிவு எல்லாவற்றையும் பத்திரிகைகள் விவரித்தன. தைத்தவர் பெயரைப் பெரும்பாலான பத்திரிகைகள் போடவே இல்லை.

1961-ல் கென்னடி ஜனாதிபதியானார். ஜாக்குலின் எதை உடுத்தினாலும் உலகம் கவனித்தது. அந்த ஆண்டு ஒரு பெண்கள் பத்திரிகை அவருடைய கல்யாண உடையைப் பற்றி எழுதும்போது, அதைத் தைத்தவர் ஒரு கருப்பினத் தையற்காரி என்று மட்டும் குறிப்பிட்டது. பெயர் இல்லை.

ஆன் லோவின் மனம் நொந்தது. ஜாக்குலினுக்கே கடிதம் எழுதினார். கருப்பினத்தவர் என்று தம்மைக் குறிப்பிட்டது அவருக்கு வருத்தமில்லை. பேர் பெற்ற உடை அமைப்பாளர் என்று சொல்லாமல், யாரோ ஒரு தையற்காரி என்று சொன்னதுதான் அவரைச் சுட்டது. நாற்பது ஆண்டு உழைப்பை ஒரே சொல்லில் அழித்துவிட்டார்களே என்ற வேதனை அந்தக் கடிதத்தில் இருந்தது.

கைத்திறன் இருந்தும் கடன்

இவ்வளவு பெரிய குடும்பங்களுக்குத் தைத்தாரே, ஆன் லோ பெரிய பணக்காரியாகி இருப்பார் என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மை வேறு. வாடிக்கைக்காரச் சீமாட்டிகள் பேரம் பேசுவார்கள். ஆன் லோ இறங்கி வந்துவிடுவார். ஜாக்குலினின் கவுனுக்கே அவர் வாங்கியது 500 டாலர்தான். உயர்ந்த பட்டு, உயர்ந்த லேஸ், ஆட்களுக்கு நல்ல கூலி என்று தாராளமாகச் செலவழிப்பார். முடிவில் தமக்கு என்ன மிஞ்சும் என்று பார்ப்பதில்லை.

அதைப் பார்த்துக் கொண்டிருந்தவன் மகன் ஆர்தர். 1958-ல் ஆர்தர் கார் விபத்தில் இறந்து போனான். ஒரே மகன் போன துக்கம் ஒரு பக்கம். கடைக் கணக்கைப் பார்க்க ஆள் இல்லாத திண்டாட்டம் ஒரு பக்கம். 1960-ல் சாக்ஸ் என்ற பெரிய கடையில் உடை அமைப்பாளராகச் சேர்ந்தார். அங்கே துணியும் ஆள் கூலியும் அவர் பொறுப்பில் விழுந்தன. உடைக்குக் கிடைத்த பணமோ ஆன செலவுக்குக் காணவில்லை. கடன் மேலும் ஏறியது.

வரி பாக்கி மட்டும் ஏறத்தாழ 13,000 டாலர் நின்றது. 1962-ல் கடையை இழந்தார். அதே ஆண்டில் இன்னொரு பேரிடி. கிளாக்கோமா என்ற நோயால் அவருடைய வலது கண்ணை எடுத்துவிட வேண்டியதாயிற்று. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும் நோய் அது. வேலூர் ஷெல் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் அதன் பெயரைக் கேட்டிருப்பார்கள். தையற்காரிக்குக் கண்தானே மூலதனம்? அதில் பாதி போய்விட்டது.

அந்த இருட்டில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அவருடைய வரி பாக்கி முழுவதையும் யாரோ கட்டிவிட்டார்கள்! கட்டியவர் பெயரைச் சொல்லவில்லை. அது ஜாக்குலின் கென்னடியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆன் லோ கடைசி வரை நம்பினார்.

ஒரு கண்ணோடு மீண்டும் கடை

பின்னர் இடது கண்ணிலும் புரை விழுந்தது. அறுவைச் சிகிச்சை செய்து அந்தக் கண்ணைக் காப்பாற்றினார்கள். ஆன் லோ ஓயவில்லை. 1968-ல், எழுபது வயதை நெருங்கும்போது, நியூயார்க்கின் மாடிசன் அவென்யூவில் மறுபடியும் கடை திறந்தார். பார்வை மங்கியதால் வரைய முடியவில்லை. மனத்தில் இருக்கும் உடையை வாயால் சொல்லுவார். உதவியாளர் அதைக் கேட்டு வரைவார். துணியின் தன்மையைக் கை விரலால் தடவியே தெரிந்து கொள்வார்.

1972-ல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். வளர்ப்பு மகள் வீட்டில் கடைசிக் காலத்தைக் கழித்தார். 1981-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி நியூயார்க்கில் காலமானார். அப்போது அவருக்கு வயது 82.

இறந்த பின் வந்த பெயர்

உயிரோடு இருந்தபோது கிடைக்காத மதிப்பு பின்னால் வந்தது. அவர் தைத்த உடைகள் வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திலும், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் இடம் பெற்றன. ஜாக்குலினின் கல்யாண கவுன் பாஸ்டன் நகரில் கென்னடி நூலகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. பட்டு மிகவும் நைந்துவிட்டது.

2023-ல் டெலவேர் மாநிலத்தில் விண்டர்தூர் அருங்காட்சியகம் ஆன் லோவின் உடைகளுக்காகவே ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. கென்னடி கல்யாண கவுனைப் போலவே ஒன்றைப் புதிதாகத் தைத்து அங்கே வைத்தார்கள். ஒவ்வொரு மடிப்பையும் அளந்து, ஒவ்வொரு பூவையும் எண்ணிப் பார்த்துத் தைக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் பலருக்கு, அந்தக் கவுனில் எத்தனை வேலை அடங்கியிருக்கிறது என்பது புரிந்தது. அந்த வேலையை ஆன் லோ இரண்டு முறை செய்திருக்கிறார். இரண்டாம் முறை பத்து நாளுக்குள் செய்திருக்கிறார்.

வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் பெண்கள் ஆன் லோவின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக் கொள்ள வேண்டியவை பல உண்டு. கைத்திறன் அவரை அலபாமாவிலிருந்து நியூயார்க் வரை அழைத்துச் சென்றது. கணக்குப் புத்தகத்தைப் புரட்டாததால் அதே கைத்திறன் அவரைக் கடனில் இருந்து காப்பாற்றவில்லை. ரவிக்கை தைத்தாலும், கல்யாண கவுன் தைத்தாலும், வீட்டில் உட்கார்ந்து ஷூ தைத்தாலும், துணிக்கும் நூலுக்கும் ஆன செலவோடு தம் உழைப்புக்கும் ஒரு விலை போட வேண்டும். பேரம் பேசுகிறவர் பெரிய வீட்டுக்காரர் என்பதற்காக அந்த விலையைக் குறைக்கக் கூடாது.

மற்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வேலூரிலோ ஆம்பூரிலோ ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம். மணப்பெண்ணின் உடை கண்ணைப் பறிக்கிறது. எந்தக் கடையில் வாங்கியது, என்ன விலை என்று விசாரிக்கிறோம். இவற்றோடு இன்னொரு கேள்வியையும் கேட்கலாம். யார் தைத்தது என்று கேட்கலாம். சொல்லும் பெயரை நாலு பேரிடம் எடுத்துச் சொல்லலாம். நம் ஊரிலும் அப்படி ஒரு பெண் எங்கேயோ ஒரு சின்ன அறையில் விளக்கடியில் குனிந்து உட்கார்ந்து, நாளைக் காலைக்குள் கொடுக்க வேண்டிய கவுனுக்குக் கடைசித் துணிப் பூவைத் தைத்துக் கொண்டிருப்பாள்.